பேராசிரியர் மென்ற வடை

பந்தியில் எல்லாருடைய இலையும் காலி. பேராசிரியர் ஜெயச்சந்திரனின் இலையில் மட்டும் முக்கால் வடை கிடந்தது.

கனகசபாபதிக்கு வேர்த்துக் கொட்டியது. ராகுகாலம் பிறப்பதற்குள் மகளுக்கு நிச்சயத் தட்டு மாற்றியாக வேண்டும். நாளைக்கு ஆடி பிறக்கிறது. இன்று தவறினால் ஆவணிதான். அதற்குள் சம்பந்தியின் மனசு மாறாது என்று யார் கண்டது? ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழாமல் பந்தியில் யார் எழுவது? அந்தத் தாய்மாமன்தான் பேராசிரியர்.

"ஐயா, போதும்னா வச்சிருங்க," என்று குனிந்தார் கனகசபாபதி.

பேராசிரியர் உதடு பிரியாமல் புன்னகைத்தார். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தாடை மெல்ல மெல்ல அசைந்தது.

"தொந்தரவு பண்ணாதீக சம்பந்தி," என்று பக்கத்து இலையிலிருந்து கிசுகிசுத்தார் மாப்பிள்ளையின் அப்பா நவநீதகிருஷ்ணன். "மச்சான் மனோதத்துவத்துல பெரிய ஆளு. திங்கும்போது திங்கிறதுலயே மனசு நிக்கணும்னு புத்தகமே போட்டிருக்காக. காலையிலருந்து வாயத் தொறக்கல, பாத்தீகளா? மௌனம்!"

கனகசபாபதி மைத்துனன் பெத்தணனைத் தள்ளிக்கொண்டு போனார். "என்னலே செய்ய?"

"ஆறிப்போச்சு அத்தான், அதான் எறங்கல. மொறுமொறுன்னு சூடா ஒண்ணு வைப்போம்."

வைத்தான். இலையில் இப்போது ஒன்றேமுக்கால் வடை.

"கொறைக்கச் சொன்னா கூட்டுறியேலே!"

"பொறுங்க. ஒரு சரத்தைக் கொளுத்துறேன். தன்னால எந்திரிச்சிருவாக."

வாசலில் சரவெடி வெடித்தது. பந்தல் அதிர்ந்தது. பட்டாசுக் கம்பெனி முதலாளியான கனகசபாபதியே காதைப் பொத்திக்கொண்டார். புகை விலகியபோது பேராசிரியர் அப்படியே இருந்தார். கண் மூடியபடி. தாடை அசைந்தபடி.

பந்தி மொத்தமும் அவரையே பார்த்தது. நவநீதகிருஷ்ணன் செல்போனை அணைத்துப் பையில் போட்டார்.

"எனக்கும் ஒரு வடை வைங்க."

"எனக்கும்!"

"இங்கனயும் ஒண்ணு!"

வரிசை முழுக்கக் கண்கள் மூடின. தாடைகள் அசைந்தன. ஈ பறந்தால் கேட்கும்.

"இம்புட்டு வயசுக்கு இன்னிக்குத்தான் உளுந்தோட ருசி தெரியுது," என்று நவநீதகிருஷ்ணன் தழுதழுத்தார்.

வடைவாளியோடு நின்ற கனகசபாபதிக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கணம் ராகுகாலம்கூட மறந்துபோனது.

"என்னங்க, நல்ல நேரம் முடியப்போகுது!" என்று உள்ளேயிருந்து மனைவி பொன்னுத்தங்கம் கத்தினாள்.

வேறு வழியில்லை, காலில் விழுந்துவிட வேண்டியதுதான். வாளியைக் கீழே வைத்து அவர் குனியும்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. விருதுநகரிலிருந்து தனியாக வந்திறங்கிய பேராசிரியரின் மனைவி ஞானசுந்தரி, கையில் ஒரு சின்ன டப்பாவோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏங்க, இன்னிக்கும் பல்செட்டக் கழட்டி வச்ச எடத்துலயே மறந்துட்டு வந்துட்டீகளே!"