ஜல்தியின் வீட்டுக்காரர்

திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஜல்தியோடு வாதாடி ஜெயித்தவர் எவரும் இல்லை. டிரைவர்கள் இல்லை, போலீஸ்காரர்கள் இல்லை, பஸ் முதலாளிகள்கூட இல்லை. மெட்ராஸ் – திருச்சி சாலையில் ஓடிய வண்டிகள் யாருக்குச் சொந்தமோ, திண்டிவனத்தில் நிற்கும் நேரத்துக்கு அவை ஜல்திக்குச் சொந்தம்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிட்டு ஏற்றிவிடுவது வேலை. "ஜல்தி, ஜல்தி!" என்று அவர் கத்தினால் மயிலம் வரை கேட்கும் என்பார்கள். நான் சோதித்ததில்லை, பாதி தூரத்துக்கு உத்தரவாதம் தரலாம். 1982 முதல் 1987 வரை விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்து ஆபீசுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தவன் நான். எங்கள் ஊர் அப்போது தென்னாற்காடு மாவட்டம்.

ஜல்திக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒரே குடும்பத்தை இரண்டு வண்டியில் ஏற்ற மாட்டார். வளவனூருக்குப் போகிற கல்யாணக் கூட்டம் ஒன்று; வண்டியில் பாதிப் பேருக்குத்தான் இடம். ஏறியவர்களையும் இறக்கிவிட்டார்.

"முகூர்த்தம் போவுதுய்யா!" என்று மாப்பிள்ளையின் அப்பா அலறினார்.

"தாய்மாமன் கீழ நிக்கறாரு, முகூர்த்தத்துக்கு இன்னா அவசரம்? அடுத்த வண்டி காலியா வருது. நில்லு."

இன்னொரு நாள், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு மண்டகப்பட்டில் இருக்கும் தாய் வீட்டுக்குக் கிளம்பிய ஒரு பெண் கண்ணீரும் பையுமாக ஏறினாள். ஜல்தி வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "இந்தம்மா ஊட்டுக்காரரு வராம வண்டி எடுக்க மாட்டேன்." டிரைவர் ஹாரன் அடித்தார், பயணிகள் திட்டினார்கள். கடைசியில் அந்தப் புருஷன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். அவனையும் ஏற்றி, அவள் பக்கத்திலேயே உட்காரவைத்து, "ரைட்!" என்றார்.

ஜல்தி குடியிருந்தது பாண்டிச்சேரிக்காரர் ஒருவரின் வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுக் குடிமகன். அப்படிப்பட்டவர்களைப் பாண்டிச்சேரியில் சொல்தா என்பார்கள். திண்டிவனத்திலும் அதுவே அவருக்குப் பெயராயிற்று. கல்யாணம் ஆகாத சொல்தா என்றால் வாசலில் ஜாதகங்கள் குவியும். அவரைக் கட்டிக்கொள்ளும் பெண்ணுக்குப் பிரான்சின் கதவு திறந்துவிடும் அல்லவா? அந்தப் படையெடுப்புக்குப் பயந்துதான் இந்தப் பக்கம் வந்து வீடு வாங்கினார் என்று பேச்சு.

"எங்க ஊட்டுக்காரரு" என்றுதான் ஜல்தி அவரைச் சொல்வார். "ஊட்டுக்காரரு திட்டுவாரு சார், நான் கெளம்பறேன்." "இந்தச் சட்ட ஊட்டுக்காரரு எட்தாந்தது." மத்தியானம் சொல்தா கேரியரில் சோறு கொண்டுவருவார். மழை பிடித்தால் குடையோடு வந்து நிற்பார். வாய் திறந்து பேச மாட்டார். விழுப்புரத்தில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், குழாயில் தண்ணீர் நின்றால்கூட மாடியில் இருந்து எட்டிப்பார்க்க மாட்டார். ஜல்திக்கு வாய்த்த வீட்டுக்காரரை நினைத்து எனக்கு வயிறு எரியும்.

1985-இல் சொல்தாவுக்கு இருதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. (1984 என்பாள் என் மனைவி. தவறு. 1984 எங்கள் மகளைப் பள்ளியில் சேர்த்த வருடம்.) பிரான்சுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டால் பிழைப்பது உறுதி, இங்கே செய்தால் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சொல்தா போவதற்குத் தடை இல்லை. கூடப் போக ஜல்திக்கு விசா வேண்டும்.

செய்தி கேட்டுப் பாண்டிச்சேரியில் இருந்து ஒரு புரோக்கர் வந்தான். "பிரெஞ்சு நேஷனாலிட்டி பொண்ணு ஒண்ணு கீது. தாலிய கட்டு, பேப்பர் தானா வரும். அப்பறம் அவ யாரோ, நீ யாரோ."

"ஒரு குடித்தனத்த நடத்தவே நாக்கு தள்ளுது, இன்னொண்ணு இன்னாத்துக்குய்யா பேஜாரு? பாண்டி வண்டி நிக்குது, ஏறு ஜல்தி!" புரோக்கரைத் தூக்கி உள்ளே வைத்ததாகவே பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பாண்டிச்சேரி விசா அலுவலகத்துக்கு என்னையும் கூப்பிட்டார். "இங்கிலீஷ் தெரிஞ்சவரு பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும் சார்." என் இங்கிலீஷுக்கு அங்கே வேலையே இல்லை. மேஜைக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள், பக்கத்தில் மொழிபெயர்க்க ஓர் உள்ளூர்க்காரர். சொல்தா கதவோரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"எதுக்குப் போறீங்க?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரருக்கு ஆபரேஷன். கூட இருக்கணும்."

அவர் பிரெஞ்சில் சொன்னார். அம்மாளின் புருவம் உயர்ந்தது.

"வீட்டு ஓனருக்கு ஆபரேஷன்னா நீங்க ஏன் போவணும்னு கேக்கறாங்க."

"நான் போவாம வேற யாரு போவாங்க?"

"எவ்ளோ வருசமா குடித்தனம்?"

"பதினோரு வருசமா குடித்தனம் பண்றோம்."

"ஒப்பந்தம் ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"அதெல்லாம் மயிலம் கோயில்ல சாமி முன்னாடி பேசிக்கினதுதான்."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வாடகை வீட்டுக்கு இந்த நாட்டில் இவ்வளவு பக்தியா என்று நினைத்திருக்க வேண்டும். அப்போதுதான் ஜல்திக்குச் சங்கதி பிடிபட்டது.

"யோவ், ஓனரு இல்லய்யா. ஊட்டுக்காரரு! உங்க ஊட்ல அண்ணி உன்ன இன்னான்னு சொல்லுவாங்க? அது!"

என் மண்டைக்குள் மூன்று வருடத்துக் குடைகளும் கேரியர்களும் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தன.

"இத நான் எப்படிப்பா சொல்றது?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"உன்கிட்ட எப்டி சொன்னனோ அப்டியே சொல்லு."

மெதுவாகச் சொன்னார். அம்மாள் சிரிக்கவில்லை. ஜல்தியைப் பார்த்தார், பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தார், பிறகு தணிந்த குரலில் பேசினார். கணவன், மனைவி என்றால் சட்டத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான். இவர்கள் இருவரையும் எழுத அதில் இடமே இல்லை, வருத்தமாக இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொன்னார்.

"திண்டிவனத்துல ஒரு குடும்பத்தகூட நான் பிரிச்சி ஏத்துனது இல்லம்மா" என்றார் ஜல்தி. இதைப் பிரெஞ்சில் விளக்க ரொம்ப நேரம் பிடித்தது.

மொழிபெயர்ப்பாளருக்கே மனம் கேட்கவில்லை. குனிந்து, "வேலைக்காரன்னு எழுதிப் பாக்கலாம். மொதலாளிக்கு ஒத்தாசையா போறன்னு சொன்னா கெடைக்க வழி இருக்கு" என்றார்.

"எழுதுய்யா! வேலக்காரன், சமையக்காரன், செருப்பு தொடைக்கறவன், எதுனா எழுது. நான் போவணும், அவ்ளோதான்."

"எழுதாதீங்க."

பெஞ்சில் இருந்து சொல்தா எழுந்து வந்திருந்தார். "இவன் எனக்கு வேலைக்காரன் இல்ல."

"உசுரு முக்கியம்யா! பேசாம உக்காரு!"

"இத்தினி வருசமா ஊரு பூரா நீ உண்மையத்தான் சொல்லிக்கினு இருந்த. நான்தான் வாயத் தொறக்கல. எனக்காவ நீ இன்னிக்குப் பொய் எழுதப் போறியா? வா, போலாம்."

ஜல்தி எழுந்து அவர் பின்னால் நடந்தார். அவர் தோற்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஆபரேஷன் மெட்ராசிலேயே நடந்தது. ஜல்தி ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தார். அந்த நாட்களில் திண்டிவனத்தில் வண்டிகள் தாமாக வந்து தாமாகப் போயின, பார்க்கச் சகிக்கவில்லை. பாண்டிச்சேரியில் கேட்டதை நான் வெளியில் மூச்சுவிடவில்லை. ஒரு நாள், பஸ் நிலையத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்கும் அஞ்சலை கேட்டாள்: "ஜல்தி ஊட்டுக்காரருக்கு ஒடம்பு எப்டிக்குது சார்?"

"ஹவுஸ் ஓனருக்கா? பரவாயில்லையாம்" என்றேன், வெகு ஜாக்கிரதையாக.

அவள் கையில் இருந்த படியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஓனராமே! மழைல கொட எட்தாந்து குடுக்கற ஓனர நீ எங்கனா பாத்திருக்கிறியா? போ சார். பொழச்சிக்கினாரா, அத சொல்லு."

பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பிய மறுவாரம் பார்க்கப் போனேன். வாசலிலேயே சண்டை கேட்டது.

"உப்பு இல்லாத கீரைய மாடு தின்னுமா?"

"டாக்டரு சொல்லிட்டாரு. வாய மூடிக்கினு சாப்டு. வாங்க சார், நீங்களாவது சொல்லுங்க. ஆஸ்பத்திரில கஞ்சி குடிச்ச வாயி, ஊட்டுக்கு வந்ததும் கருவாடு கேக்குது!"

எனக்கும் தட்டு வைத்தார். கேப்பைக் களி, அதே கீரை. என்ன பேசுவதென்று தெரியாமல், "பிரான்ஸ் போயிருந்தா இன்னும் சௌகரியமா இருந்திருக்கும்" என்று சொல்லிவைத்தேன்.

சொல்தா களியை உருட்டியபடியே, "நர்சுங்க நல்லா பாத்துக்குவாங்க, அதுல கொற இல்ல. இப்டி திட்டுறதுக்கு அங்க யாரு இருக்கா சார்?" என்றார்.

ஜல்தி பரண் மேல் இருந்த ஊறுகாய் ஜாடியை இறக்கி, விரல் நுனியால் துளி எடுத்து, அவர் தட்டின் ஓரத்தில் தடவினார். தடவிவிட்டு, நாங்கள் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜாடியை ரொம்ப நேரம் மூடினார்.

நான் இன்னொரு கரண்டி கீரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.