கடலுக்குக் காவல் நின்ற ஸ்பீக்கர் காக்கா

விளம்பரம் செய்தே ஒரு கடையை மூடவைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கிழக்கிலங்கைக் கரையில் எங்கள் சாய்ந்தமருது ஊரின் ஸ்பீக்கர் காக்கா; எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன்.

உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஓட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் மைக்கும் மறுகையில் ஹேண்டிலுமாக அவர் தெருத்தெருவாக அறிவிக்கத் தொடங்கிய பிறகு, அந்தப் பெயரை அவருடைய மனைவியே மறந்துவிட்டார். மரண அறிவித்தல், மலிவு விற்பனை, தண்ணீர் வெட்டு, காணாமற்போன மாடு எல்லாம் அந்தக் குரலில்தான் எங்கள் வீடுகளுக்குள் வரும்.

காக்காவிடம் ஒரே ஒரு கோளாறு. தனக்கு நிச்சயமாகத் தெரியாத எதையும் அவர் வாயால் சொல்லமாட்டார்.

ஒரு புடவைக் கடை முதலாளி, ‘நம்பமுடியாத விலைக்குறைப்பு’ என்று எழுதிக் கொடுத்தார். காக்கா முதலில் கடைக்குள் போய் ஒவ்வொரு துணியையும் தடவிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து மைக்கைப் பிடித்தார்.

“நம்பமுடியாத விலைக்குறைப்பு எண்டு முதலாளி சொல்றார். நானும் போய்ப் பாத்தன். நம்ப முடியல்லதான். சாறன் நல்லம். சீல கழுவினாச் சுருங்கும். வாறவங்க பாத்து வாங்குங்க.”

முதலாளி செருப்பில்லாமல் பிரதான வீதி வரைக்கும் ஓட்டோவைத் துரத்திக்கொண்டு ஓடினார். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் இறைச்சிக் கோழி விற்றார்கள்.

இப்படிப்பட்டவரிடம் யார் விளம்பரம் கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். எல்லோரும் கொடுத்தார்கள். ஏனென்றால் காக்கா ஒரு பொருளை நல்லது என்று சொல்லிவிட்டால், அன்று மாலைக்குள் அது கடையில் மிஞ்சாது.

மரண அறிவித்தலிலும் இதே கதைதான். ஒரு பெரிய மனிதர் மௌத்தாகி, குடும்பத்தார் ‘கொடைவள்ளல்’ என்று எழுதிக் கொடுத்தபோது, “கொடைவள்ளல் எண்டு பிள்ளைகள் அறிவிக்கச் சொன்ன ஹாஜியார்” என்று வாசித்துக்கொண்டு ஊரைச் சுற்றினார். அதே வாரத்தில் கரைவலை இழுக்கும் ஒருவர் மௌத்தானார். எழுதிக் கொடுக்க அவருக்கு ஆளில்லை. காக்கா தானாகவே, “ஒருத்தர்ட மனசையும் நோகப்பண்ணாத மனிசன்” என்று ஒரு வரி சேர்த்தார். அன்று ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தைப் பள்ளிவாசல் தாங்கவில்லை.

என்னுடைய போட்டோக் கொப்பிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை. காக்காவின் ஓட்டோ நிற்பது அதன் வாசலில். பின்னேரங்களில் இரண்டு பேர் அங்கே வந்து காக்காவுக்காகச் சண்டை பிடிப்பார்கள். ஒருவர் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் மௌலவி. மற்றவர் கல்முனையில் கணிதம் படிப்பிக்கும் காரைதீவு ஆசிரியர். கோயிலுக்கும் போகமாட்டார், கடவுளையும் நம்பமாட்டார். அவரை நாங்கள் தோழர் என்போம். இருவருக்கும் கேள்வி ஒன்றுதான்: மனிதன் நல்லவனாக இருக்க மார்க்கம் வேண்டுமா, வேண்டாமா? காக்காவைத் தன்பக்கம் சேர்த்துக்கொண்டவர் வென்றவர்.

“பாத்துக்கிட்டு ஒருத்தன் இரிக்கான் எண்ட பயம் இல்லாட்டி மனிசன் மிருகம், சேர்” என்பார் மௌலவி. “காக்காவக் கேளுங்களன். அல்லாஹ் பாக்கிறான் எண்டுதானே காக்கா நீங்க பொய் சொல்றல்ல?”

காக்கா தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அல்லாஹ்வுக்கு நான் சொல்லாமலே எல்லாம் தெரியும் மௌலவி. நான் பொய் சொன்னா அவனா ஏமாறப்போறான்? நீங்கதானே ஏமாறுவீங்க.”

தோழர் மேசையில் அடித்தார். தேநீர் சிந்தியது. “கேட்டீங்களா! காக்கா நம்மட ஆள்! சொர்க்கம் நரகம் ஒண்டும் தேவையில்ல, மனிசனுக்காக மனிசன்!”

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். காக்கா சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார். “கொஞ்சம் இரிங்க சேர், தொழுதிட்டு வாறன்.”

“இப்ப ஆர்ர ஆள்?” என்று மௌலவி மீசையில்லாத இடத்தைத் தடவிக்கொண்டார்.

திரும்பி வந்த காக்காவைத் தோழர் விடவில்லை. “அப்ப எதுக்குக் காக்கா தொழுறீங்க?”

“தொழுறது அவனுக்கு. உண்மை சொல்றது உங்களுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. அது இரிக்க, ஒருத்தரும் பாக்காத இடத்தில நீங்க ஏன் சேர் நல்லவரா இரிக்கீங்க?”

“அது மனிசனுக்கு மனிசன் மேல உள்ள பொறுப்பு.”

“அந்தப் பொறுப்ப ஆரு தந்த?”

தோழர் இன்னொரு தேநீர் சொன்னார். அன்றைய சண்டை சமநிலையில் முடிந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் காலைநேரம் வந்தது.

எங்கோ தூரத்தில் நிலம் நடுங்கிய செய்தி முதலில் ஒரு கைத்தொலைபேசியில் வந்தது. கால்மணி நேரத்துக்குள் எல்லாத் தொலைபேசியிலும் வந்தது. அப்படி வந்ததில் கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது. கடல் உள்வாங்கிவிட்டதாம், பக்கத்துக் காரைதீவில் தண்ணீர் ஏறிவிட்டதாம். சுனாமி கண்ட எங்கள் கரையில் ‘உள்வாங்கியது’ என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. கடைக் கதவுகள் படபடவென்று விழுந்தன. அடுப்பில் வைத்த சோறு அடுப்பிலேயே கிடக்க, சனம் வயல்பக்கம் போகும் குறுகிய ஒழுங்கைகளில் நெருக்கியடித்தது.

தோழர் பாடசாலைப் பிள்ளைகளை வீடுகளுக்கு அனுப்பிவிட்டு மூச்சிரைக்க வந்தார். மௌலவியும் மத்ரஸாவைக் கலைத்துவிட்டு வந்தார். பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் காக்காவின் ஓட்டோவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“காக்கா, மைக்கப் போடுங்க! கடல் வருகுதெண்டு அறிவியுங்க!”

“ஆரு பாத்த?”

“எல்லாரும் சொல்றாங்க காக்கா!”

“சொல்றது கேக்குது. பாத்தது ஆரு?”

மௌலவி காக்காவின் தோளைப் பிடித்தார். “உசிரக் காப்பாத்துறதுக்கு, நிச்சயமில்லாததச் சொன்னாலும் குத்தமில்ல காக்கா. நான் பொறுப்பு.”

“மௌலவி சொல்றது சரி” என்றார் தோழர். “பொய்யாப் போனா நாலு பேருக்குக் கை கால் முறியும். மெய்யாப் போனா ஊரே போயிரும். கணக்குப் பாருங்க காக்கா.”

அந்த இருவரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டதை எங்கள் ஊர் அன்றுதான் முதன்முதலில் கண்டது. காக்கா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரு பக்கமெண்டா எனக்குப் பயமாரிக்கி” என்று சொல்லிவிட்டு ஓட்டோவை முடுக்கினார். எல்லோரும் மேற்கே ஓட, அந்த ஓட்டோ கிழக்கே, கடலைப் பார்த்துப் போனது.

ஒன்று சொல்ல வேண்டும். சுனாமி காக்காவின் ஒரே தங்கச்சியைக் கொண்டுபோயிருந்தது. அதன்பிறகு அவர் கடற்கரைப் பக்கம் காலே வைத்ததில்லை. கடற்கரை வீதி அறிவித்தல்களைக்கூட அடுத்த தெருவில் நின்றுதான் சொல்வார்.

நான் உம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒழுங்கைக்குள் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக ஏலாது, பின்னாலும் ஏலாது. ஒரு கர்ப்பிணிப் பெண் மதிலோடு நசுங்கிக்கொண்டு நின்றாள். யாரோ விழுந்தார்கள், விழுந்தவரின் மேல் இன்னொருவர் விழுந்தார். அப்போதுதான் கிழக்கிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் கடக்கரையில நிக்கன். கடல் இரிக்கிற இடத்திலதான் இரிக்கி. உள்வாங்கல்ல. தோணியெல்லாம் இழுத்துப் போட்ட இடத்தில கிடக்கு. இனி வருமா வராதா எண்டு எனக்குத் தெரியா. அதால போறவங்க போங்க. ஆனா ஓடாதீங்க, நடந்து போங்க. வயசான ஆக்களயும் வயித்துப் பிள்ளக்காரங்களயும் முன்னுக்கு விடுங்க. கடல் அசைஞ்சா நான் சொல்லுவன். என்ட சத்தம் கேக்குமட்டும் ஒண்டும் நடக்கல்ல எண்டு வெச்சிக்கங்க.”

ஒழுங்கை அப்படியே ஒருகணம் நின்றது. மதிலோடு நின்ற பெண்ணுக்கு யாரோ வழிவிட்டார்கள். விழுந்தவர்களைத் தூக்கினார்கள்.

குரல் நிற்கவில்லை. கடலை அவர் ஒரு கிரிக்கெட் ஆட்டம்போல வர்ணித்துக்கொண்டே இருந்தார். “இப்பயும் அப்பிடியேதான் இரிக்கி.” கொஞ்சம் கழித்து, “நாயொண்டு வந்திரிக்கி. அதும் என்னோட நிண்டு பாக்குது.” இன்னும் கொஞ்சம் கழித்து, “ஒரு அலை கொஞ்சம் பெரிசா வந்த. பயப்படாதீங்க, என்ட செருப்பு மட்டும்தான் நனைஞ்ச.”

நெருக்கத்துக்குள் நின்ற யாரோ சிரித்தார்கள். என் பின்னாலிருந்து உம்மாவும் சிரித்தார். அழுதுகொண்டுதான் சிரித்தார்.

ஆபத்தில்லை என்று உத்தியோகபூர்வமாக அறிவித்தது நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. அதுவரைக்கும் அவர் அங்கேதான் நின்றார்.

அன்று பின்னேரம் தேநீர்க்கடையில் நிற்க இடமில்லை. காக்கா ஒரு மூலையில் இஞ்சித் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். தொண்டை பாதி போய்விட்டிருந்தது.

“இதுதான் ஈமான்!” என்றார் மௌலவி. “அல்லாஹ்வில பாரத்தப் போட்ட மனிசன் மட்டும்தான் அந்த இடத்தில நிப்பான்.”

“இதுதான் மனிசத் தன்மை!” என்றார் தோழர். “கூலி எதிர்பாராத நன்மை. காக்கா, நீங்களே சொல்லுங்க. ஓட்டோவத் திருப்பிக்கொண்டு வராம ஏன் அங்கயே நிண்ட நீங்க?”

கடை முழுக்கக் காக்காவின் பக்கம் சாய்ந்தது. காக்கா கரகரத்த குரலில் சொன்னார்:

“பெற்றோல் முடிஞ்ச.”

கடை இடிந்துவிடும்போலச் சிரிப்பு. மௌலவியும் தோழரும் மட்டும் சிரிக்கவில்லை. இவ்வளவு பெரிய விவாதம் பெற்றோல் இல்லாமல் நின்றுபோனதை இருவராலும் தாங்க முடியவில்லை. காக்கா சொன்னால் அதற்குமேல் பேச்சு ஏது?

மறுநாள் காலையில் காக்காவின் மனைவி என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இந்த மனிசனுக்குச் சத்தமே இல்ல. காய்ச்சலும் அடிக்கி. அந்த ஓட்டோவ எடுத்து ஒருக்கா டொக்டர்ட்டக் காட்டிக்கொண்டு வாங்களன்.”

பெற்றோல் முடிந்த ஓட்டோதானே, யாரோ ஒரு போத்தல் ஊற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார்கள் என்று முதலில் எண்ணெய் நிலையத்துக்கு விட்டேன். அங்கே நின்ற பையன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“இதுக்குள்ள எங்க ஊத்துற? நிறைஞ்சிரிக்கே.”

நான் திரும்பிப் பார்த்தேன். பின் ஆசனத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்த காக்கா வானத்தில் ஏதோ பறவையைத் தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு பொய்யை நான்தான் கையும் களவுமாகப் பிடித்தேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்கலாமென்றால் அவருக்குக் குரல் இல்லை. குரல் இருந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

மூடியை மூடச்சொல்லிவிட்டு ஓட்டோவை எடுத்தேன். டொக்டர் வீடு வரைக்கும் வீதி முழுக்கப் பள்ளம். அன்று ஒரு பள்ளத்தில்கூட அவரைக் குலுக்காமல்தான் கொண்டுபோனேன்.