வள்ளிமயில் முயலோட அரியர் பேப்பர்

ஒரு காட்டில ஒரு கோர்ட்டு இருந்துச்சு. கோர்ட்டுன்னு ஒண்ணு வந்துட்டா அடுத்த மழைக்கே வக்கீல் முளைச்சிடும், காளான் மாதிரி. அந்தக் காட்டில வக்கீல் ரெண்டு வகை. ஒரு வகை ஜட்ஜு முன்னால நின்னு கத்தறது. கழுதை, மயிலு, காட்டுக்கோழி எல்லாம் அதுக்குப் போயிடும், தொண்டை இருக்குல்ல. இன்னொரு வகை சொலிசிட்டர். இது கத்தவே கத்தாது. ரூம்ல உக்காந்துக்கும். வர்ற கட்சிக்காரரை உக்காரவச்சு, தண்ணி குடுத்து, என்ன பிரச்சினைன்னு கேட்டு, யோசனை சொல்லும், பத்திரம் எழுதும்.

நம்ம கதையில வர்ற முயலுக்கு இந்த ரெண்டாவது வகைமேலதான் ஆசை. அதுக்குப் பேரு வள்ளிமயில். பேருல மயிலு, ஆளு முயலு. அவங்க அப்பா ஆசையா வச்சாரு, நமக்கெதுக்கு.

ஏன் அந்த ஆசைன்னா, முயல் குலத்துக்குத் தொழிலே ஓட்டம்தான். நாய் வந்தா ஓடணும், நரி வந்தா ஓடணும், யாரும் வரலைன்னா ஏன் வரலைன்னு பயந்து ஓடணும். வள்ளிமயிலோட அப்பா தாலி கட்டின கையோட மணமேடையிலேர்ந்து ஓடினவரு. சாயங்காலம்தான் பொண்ணு யாருன்னே பாத்தாராம்.

"எனக்கு உக்காந்து பாக்கற வேலைதான் வேணும்ப்பா"ன்னுச்சு வள்ளிமயில்.

"உக்காந்தா யாராச்சும் தின்னுருவாங்க கண்ணு."

"சொலிசிட்டரை எல்லாம் யாரும் திங்க மாட்டாங்கப்பா."

"ஏன், கசக்குமா?"

சட்டம் படிச்சுப் பட்டமும் வாங்கிருச்சு. சரி, இனி உக்காந்துரலாம்னு பாத்தா, காலேஜில கொக்கு நெடுங்காலன் சார் வழி மறிச்சிட்டாரு. அவரு எப்பவும் ஒத்தைக் கால்ல நிப்பாரு, கண்ணை மூடிக்கிட்டே பேசுவாரு. இப்படி:

"அம்மா... வள்ளிமயில்... உனக்குச் சட்டம் தெரியும். (இங்க ஒரு இடைவெளி விடுவாரு. தூங்கிட்டாருன்னு நினைச்சு நாம கிளம்புவோம். தூங்கலை.) ஆனா, கட்சிக்காரர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியுமா? அதுக்கு மேல்படிப்பு இருக்கு."

மேல்படிப்புல சேந்துச்சு. அங்க என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னா, கட்சிக்காரர் வந்ததும் "உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா"ன்னு கேக்கணும். அவரு பேசும்போது குறுக்க பேசக் கூடாது. அவரு சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல்லணும். வாயில வர்ற பிரச்சினை வேற, வயித்துல இருக்கற பிரச்சினை வேற, தோண்டி எடுக்கணும். அவரோட நன்மைதான் உன் நன்மை. அவரு நன்மையும் உன் நன்மையும் முட்டிக்கிச்சுன்னா, மறைக்காம அவருகிட்ட சொல்லிடணும். எல்லாத்துக்கும் மேல, பேட்டி முடியற வரைக்கும் சொலிசிட்டர் இடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா ஃபெயில்.

எழுதற பரிட்சை எல்லாத்துலயும் வள்ளிமயில் பாஸ். உயில் எழுதச் சொன்னா உயிரோட இருக்கறவனுக்கே ஆசை வர்ற மாதிரி எழுதும். கட்சிக்காரர் பேட்டிலதான் அரியர். முதல் தடவை கட்சிக்காரரா ஒரு ஆமை வந்து உக்காந்துச்சு. அது "வணக்கம்" சொல்லி முடிக்கறதுக்குள்ள இது குறுக்க பேசிருச்சு. ஃபெயில். அடுத்த தடவை கட்சிக்காரர் "எங்க தெருவுல ஒரு நரி"ன்னுதான் ஆரம்பிச்சாரு. நிமிந்து பாத்தா எதிர்ல முயலைக் காணோம், தூரத்துல புழுதி மட்டும் தெரியுது. அதுவும் ஃபெயில்.

"இதான் கடைசி வாய்ப்பும்மா. இதுலயும் போச்சுன்னா வீட்டுக்குப் போயி குலத்தொழிலைப் பாக்க வேண்டியதுதான்"னுட்டாரு கொக்கு சார்.

குலத்தொழில்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். ஓட்டம்.

இந்தப் பேட்டிப் பரிட்சைக்கு நிஜக் கட்சிக்காரர் யாரும் வர மாட்டாங்க. நாடகக் கம்பெனிலேர்ந்து தில்லைராசுன்னு ஒரு மரநாயைக் கூட்டியாருவாங்க. ஆமைன்னா முதுகுல சட்டியைக் கவுத்துக்கும், மயிலுன்னா பின்னாடி விளக்குமாறைச் சொருகிக்கும். எல்லா வேஷத்துக்கும் அது ஒண்ணுதான்.

"இந்தத் தடவை புலி வேஷம். பயந்துடாதம்மா, நம்ம தில்லைராசுதான்"னு கொக்கு சார் முன்னாடியே சொல்லி வச்சாரு.

பரிட்சை நாளும் வந்துச்சு. ஒரு குடிசை, உக்கார ரெண்டு கட்டை, உக்காந்தபடியே கைக்கெட்டற தூரத்துல ஒரு பானைத் தண்ணி. கொக்கு சார் ஜன்னல்ல ஒத்தைக் கால்ல நின்னு கண்ணை மூடிக்கிட்டாரு. அவரு காதுல கேட்டேதான் மார்க் போடுவாரு, அது அவரோட ஸ்டைலு.

தில்லைராசு அப்ப எங்க? ஆத்தங்கரையில. உடம்பெல்லாம் மஞ்சளைப் பூசி, மேல கரியால கோடு இழுத்து, கோடு காயட்டும்னு வெயில்ல நின்னுக்கிட்டு இருக்கு.

சரியா அந்த நேரம் பாத்து அந்தப் பக்கமா வந்துச்சு உக்கிரபாண்டி. இது நிஜப் புலி. வயசான புலி, முட்டி ரெண்டும் போச்சு. அன்னிக்குக் காலையில ஒரு மானைத் துரத்திச்சு. அந்த மான் பாதி வழியில நின்னு, திரும்பிப் பாத்து, "மெதுவா வாங்கண்ணே"ன்னு சொல்லிட்டுப் போச்சு. பசியை விட அந்த அசிங்கம்தான் உக்கிரபாண்டிக்குத் தாங்கலை. அப்பதான் குடிசைக்குள்ளேர்ந்து முயல் வாசனை. விறுவிறுன்னு உள்ள நுழைஞ்சிருச்சு.

"வாங்க, வணக்கம். உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

புலி பின்னாடி திரும்பிப் பாத்துச்சு, வேற யாரையோ கூப்பிடுதோன்னு. யாருமில்லை. பொறந்ததுலேர்ந்து அதை யாரும் உக்காருன்னு சொன்னதில்லை. உக்காந்துருச்சு. தண்ணியையும் வாங்கிக் குடிச்சுச்சு.

வள்ளிமயில் மனசுக்குள்ள, 'தில்லைராசு அண்ணன் இந்தத் தடவை பின்னிட்டாரு. வாய் நாத்தத்தைக்கூட விட்டு வைக்கலை'ன்னு நினைச்சுக்கிச்சு.

"சொல்லுங்கய்யா, என்ன விஷயமா வந்தீங்க?"

"பசி."

"பசின்னா, கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்."

"பசின்னா பசி. உன்னைத் திங்கணும்."

முயல் பொறுமையாத் தலையாட்டுச்சு. "நீங்க சொன்னதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாத்துக்கறேன். உங்களுக்குப் பசி. என்னைத் திங்கணும். இதுல எதாச்சும் விட்டுப்போச்சா?"

புலி யோசிச்சுப் பாத்துச்சு. "இல்ல. அவ்ளோதான்."

"எதிர்த்தரப்பு யாருங்க?"

"அப்படின்னா?"

"நீங்க நினைச்சது நடந்தா யாருக்கு நஷ்டம்?"

"உனக்குத்தான்."

முயலுக்கு உள்ளுக்குள்ள ஒரே குதி. மாட்டிக்கிச்சு, கேள்வித்தாள்ல வச்ச பொறி மாட்டிக்கிச்சு. நன்மையும் நன்மையும் முட்டற கேஸு. போன வருஷம் பாதிப் பேரு இதுலதான் ஃபெயில்.

"அய்யா, இதுல ஒரு சிக்கல் இருக்கு. உங்க நன்மை என்னைத் திங்கறது. என் நன்மை திங்க விடாம இருக்கறது. இந்த லட்சணத்துல நான் உங்களுக்கு யோசனை சொன்னா, உங்களுக்குத்தான் அது துரோகம்."

"எனக்கா?"

"ஆமாங்க. உங்களைப் பத்தித்தான் கவலைப்படறேன்."

ஜன்னல்ல கொக்கு சார் கண்ணைத் திறக்காமலே "ம்ம், பலே"ன்னாரு.

புலிக்கு என்னமோ பண்ணுச்சு. தின்னதெல்லாம் தன்னைத் திட்டிக்கிட்டேதான் உள்ள போயிருக்கு, கவலைப்பட்டுட்டுப் போனது ஒண்ணுகூட இல்லை. இருந்தாலும் பசி பசிதான. நகத்தை நீட்டிக் கட்டையை ஒரு பிராண்டு பிராண்டி, "இப்பத் திங்கலாமா கூடாதா?"ன்னுச்சு.

"அதுக்குத்தான் வர்றேன். என்னைத் தின்னா இன்னிக்குப் பசி தீரும். நாளைக்கு?"

"நாளைக்கு இன்னொண்ணு."

"அதை எப்படிப் பிடிப்பீங்க?"

புலிக்கு மீசை தொங்கிப்போச்சு. "ஓடணும்"னுச்சு. அதுக்கப்புறம் அதுக்கே தெரியாம கொட்டிருச்சு. "முடியலைம்மா. முட்டி போச்சும்மா. காலையில ஒரு மான், பொடிப்பய, என்னைப் பாத்து மெதுவா வாங்கண்ணேங்கறான். நான் யாரு? உக்கிரபாண்டி. எங்கப்பா பேரைச் சொன்னா ஆறு நின்னு போகும்."

முயல் குறுக்க பேசலை. உக்காந்தபடியே கட்டையோரத்துச் செடியில ஒரு இலையைப் பறிச்சு நீட்டுச்சு. புலி மூக்கைச் சிந்திக்கிச்சு.

"எனக்கும் ஓட்டம்னா பிடிக்காதுங்கய்யா"ன்னுச்சு வள்ளிமயில். அது சிலபஸ்ல இல்லை, தானா வந்துச்சு. "அப்ப உங்க பிரச்சினை பசியே இல்லை. ஓட்டம்."

"அட, ஆமால்ல."

"நீங்க ஏன் ஓடணும்? அவங்களை வரச் சொல்லுங்க."

"எங்கிட்ட எவன் வருவான்?"

"ஒரு ரூமு, ரெண்டு கட்டை, ஒரு பானைத் தண்ணி. உக்காருங்கன்னு சொல்லிட்டா யாரும் எந்திரிக்க மாட்டாங்க. நீங்களே எந்திரிக்கலையே."

புலி குனிஞ்சு தன்னைப் பாத்துச்சு. ஆமா, உக்காந்துதான் இருக்கு. வெளியில வெயில் உச்சிக்கு வந்துருச்சு. கோபமா வந்த புலி இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்திருக்கு.

"வந்தவனைத் திங்கலாமா? நீ சொன்னியே, அந்த முட்டற விவகாரம்?"

முயல் ஒரு நிமிஷம் தயங்குச்சு. ஆனா கட்சிக்காரர் கேட்டுட்டா மறைக்கக் கூடாதே. "எல்லாத்தையும் விளக்கிச் சொல்லி, புரிஞ்சுதுன்னு அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டா, தப்பே இல்லைங்க."

அந்த நேரம் பாத்துக் கதவைத் தள்ளிக்கிட்டு, மஞ்சளும் கரியுமா, மூச்சிரைக்க ஓடியாந்துச்சு தில்லைராசு. "மன்னிக்கணும் சார், கோடு காயவே மாட்டேன்னுருச்சு."



உக்கிரபாண்டி அதை மேலயும் கீழயும் பாத்துச்சு. "யாருப்பா இவன், எங்க சித்தப்பா மகன் சாயல்ல இருக்கான். சோறு போடறதில்லையா வீட்ல?"

கொக்கு சார் கண்ணைத் திறந்தாரு. சர்வீஸ்ல சேந்தப்புறம் அதான் முதல் தடவை. அடுத்த செகண்டு ஆலமரத்து உச்சிக் கிளையில இருந்தாரு. தில்லைராசு அப்படியே மல்லாந்து விழுந்து செத்த வேஷம் போட்டுச்சு. அது வாழ்க்கையிலயே உருப்படியா நடிச்சது அந்த ஒண்ணுதான்.

வள்ளிமயிலோட பாட்டன் பூட்டன் எல்லாம் காதுக்குள்ள நின்னு ஓடு ஓடுங்கறாங்க. வாசல் திறந்துதான் இருக்கு. மெதுவாத் தலையைத் தூக்கி, மரத்து உச்சியைப் பாத்துக் கேட்டுச்சு:

"சார், இப்ப எந்திரிச்சாலும் ஃபெயிலா?"

மேலேர்ந்து குரல் வந்துச்சு. "விதின்னா விதிதாம்மா."

எந்திரிக்கலை. பல்லைக் கடிச்சுக்கிட்டு, கடைசியாக் கேக்க வேண்டிய கேள்வியையும் கேட்டுருச்சு. "வேற எதாச்சும் கேக்கணுமாய்யா?"

"ஒண்ணே ஒண்ணு"ன்னுச்சு புலி. "இந்தப் படிப்புல சேர எந்தப் பக்கமாப் போகணும்?"

ரிசல்ட்டு வந்துச்சு. வள்ளிமயில் ஃபெயில்.

"ஏன் சார்?"ன்னு போயி நின்னுச்சு முயல்.

"கட்சிக்காரர் வந்ததும் அவரு நிஜமாவே யாருன்னு முதல்ல சரிபாத்திருக்கணும். நீ பாக்கலை."

"நீங்களும் பாக்கலையே சார்."

"எனக்கு அது சிலபஸ்ல இல்லைம்மா."

அதே படிப்புல சேந்த உக்கிரபாண்டி முதல் தடவையிலயே பாஸ். அதுக்குப் பரிட்சை வச்ச அன்னிக்கு மட்டும் கொக்கு சார் ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கிட்டு மார்க் போட்டாரு. ரெண்டு காலும் தரையில.

இப்ப அது இதுன்னு பேசக் கூடாது, அவரு இவருன்னு பேசணும். உக்கிரபாண்டி சார் புளியமரத்தடியில ஆபீஸ் போட்டுட்டாரு. வாசல்ல குமாஸ்தா யாருன்னு நினைக்கறீங்க, நம்ம வள்ளிமயிலுதான். ஆசைப்பட்ட மாதிரியே உக்காந்த இடத்து உத்தியோகம். அப்பா பாக்க வந்தாரு, வாசல்லயே நின்னு, ஓடத் தயாரா ஒரு காலைத் தூக்கி வச்சுக்கிட்டு.

"துரத்தறாங்களா கண்ணு?"

"இல்லப்பா. உக்காந்துதான் இருக்கேன். சதைகூடப் போட்டுட்டேன் பாருங்க."

வாசல்ல காலையிலேர்ந்தே வரிசை. ஆடு, பன்னி, காட்டெருமை, எல்லார் கையிலயும் டோக்கன். எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கறது அந்த மெதுவா வாங்கண்ணே மான். வரப்புத் தகராறாம்.

"ஏம்மா, உள்ள போனவங்க யாரும் வெளிய வரக் காணோமே?"ன்னு கேட்டுச்சு மான்.

"கேஸு சிக்கலா இருந்தா நேரம் ஆகும்ணே"ன்னுச்சு வள்ளிமயில். "எனக்கு முன்னால யாராச்சும் பூந்துருவாங்களோ"ன்னுச்சு மான். "யாரும் பூந்துர மாட்டாங்கண்ணே, நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் ஆபீஸ் மூடறப்ப உக்கிரபாண்டி சார் பல்லைக் குத்திக்கிட்டே வெளிய வருவாரு. போற போக்குல ரொம்பப் பாசமா, "நீயும் ஒரு நாள் உள்ள வந்து உன் பிரச்சினையைச் சொல்லும்மா. அவசரமில்லை"ம்பாரு. குமாஸ்தாவுக்கு டோக்கன்கூட வேணாமாம்.

நீதி: துரத்தறவன்கிட்டேர்ந்து எப்படியாச்சும் ஓடித் தப்பிச்சுக்கலாம். "உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா"ன்னு கேக்கறவன்கிட்டேர்ந்து தப்பிச்சவன் கிடையாது.