நாற்காலிச் சட்டம் நிறைவேறிய விதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தம்பியும் உன் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உறுப்பினர் விடுதியில் நானும் என் தொண்டையும் நலம். அங்கே நீயும் அத்தானும், முக்கியமாக உன் இடது முழங்காலும் நலமா? கூட்டத்தொடர் முடிந்ததும் 'நிறைவேறிய மசோதாக்கள்' என்று தொகுதி மக்களுக்கு நான்கு பக்க அறிக்கை அனுப்புவது என் வழக்கம். அது அச்சகத்தில் இருக்கிறது. ஆனால் நீ எல்லோரையும் போல ஒரு வாக்காளரா என்ன? போன தேர்தலில் வாக்குச்சாவடி வாசலிலேயே, "உனக்குத்தான்டா போட்டேன், ஆனா முழு மனசோட போடல" என்று நாலு பேர் காதுபடச் சொன்னவள் ஆயிற்றே. அதனால் உனக்கு மட்டும் தனிக் கடிதம், உள்ளது உள்ளபடி.

அக்கா, ஜெயித்துவிட்டேன்! நாற்காலி மசோதா நிறைவேறிவிட்டது!

போன வருஷம் ஓய்வூதிய அலுவலகத்தில், நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று நேரில் காட்ட நாலரை மணி நேரம் வரிசையில் நின்றாய். குமாஸ்தா உன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் முத்திரை குத்தி அனுப்பினார். வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தாய். "உயிரோட இருக்கேன்னு காட்டறதுக்குள்ள உயிரே போயிடும் போலிருக்குடா. நீ மூணு வருஷமா அந்தச் சபையில உக்காந்துதானே இருக்கே? நிக்கறவங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்ல உனக்கு வாய் வரலையா?" என்றாய். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். அரசு அலுவலகத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் யாரைக் காக்க வைத்தாலும் உட்கார இடம் தர வேண்டும், அவ்வளவுதான். சட்டத்துறைக்காரர்கள் அதைப் பதினொரு பக்கமாக்கிக் கொடுத்தார்கள். அதில் நாற்காலி என்றால் என்ன என்பதற்கே மூன்று பக்கம். முக்காலி சேராதாம்.

இந்தத் தொடரில் நிறைவேறிய மற்ற மசோதாக்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அத்தான் கேட்பார். விண்ணப்பப் படிவங்களைச் சுருக்க ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஏழு பக்கம் இனி ஐந்து பக்கம், அதை எப்படி நிரப்புவது என்ற விளக்கம் தனியாக நான்கு பக்கம். தெருப் பெயர்ப்பலகை எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று இன்னொன்று. என்ன நிறம் என்று மூன்று நாள் பேசி, பிறகு முடிவு செய்யலாம் என்று முடிவு செய்தார்கள். இரண்டுக்கும் நான் "இல்லை" என்றேன். எதிர்க்கட்சிக்காரன் வேறென்ன சொல்வான்? பேரவைத் தலைவர் எதைப் படித்தாலும் நாங்கள் "இல்லை" என்று கத்துவோம், ஆளுங்கட்சி "ஆம்" என்று கத்தும், அவர்கள் தலை அதிகம், விஷயம் முடிந்தது. நாலு வருஷமாக இது பல் தேய்க்கிற மாதிரி தினசரிப் பழக்கம்.

என் மசோதா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. பாதிச் சபைக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. முழங்கிவிடுவது என்று நான் காகிதங்களை எடுத்த வேகத்தில் பதினொரு பக்கமும் கைநழுவி மேசைக்கு அடியில் பரவிவிட்டன. குனிந்து பொறுக்கினேன். ஏழாம் பக்கத்தின் மேல் பக்கத்து இருக்கைக்காரரின் செருப்பு. அவர் அரசியலுக்கு வருமுன் பல் டாக்டராக இருந்தவர், பிடித்ததை எளிதில் விடமாட்டார். "அண்ணே, காலைத் தூக்குங்க!" என்கிறேன், "பொறுய்யா, தலைவர் ஏதோ படிக்கிறார்" என்கிறார். நான் ஏழாம் பக்கத்தை உருவி எடுத்த அதே நொடியில் மேலே, "சபை இதை ஏற்கிறதா?" என்று கேட்டது. தலை மேசையில் மடாரென்று இடிக்க எழுந்தேன். நாலு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? சபையே அதிர, "இல்லை!" என்று கத்திவிட்டேன்.

என் மசோதாவுக்கு நானே, அக்கா! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெந்நீரில் வைத்த உன் கால்தான் கண்முன் வந்தது.

ஆனால் நடந்ததைக் கேள். நான் "இல்லை" என்றதும் ஆளுங்கட்சி மொத்தமும் தூக்கம் கலைந்து, என்ன ஏது என்று கேட்காமல், "ஆம்!" என்றது. இது என் மசோதா என்று தெரிந்த என் கட்சிக்காரர்களும் விசுவாசமாக "ஆம்!" என்றார்கள். தலைவர் சுத்தியலைத் தட்டினார். பல் டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டார். "யோவ், என்ன மூளைய்யா உனக்கு! நீ வேணாம்னு சொன்னாத்தான் அவங்க வேணும்பாங்கன்னு கணக்குப் போட்டிருக்கே பாரு!" என்றார். நானும் ஒரு மாதிரி சிரித்து வைத்தேன். சிற்றுண்டிச் சாலையில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். இரண்டு நிருபர்கள் என் வியூகத்தைப் பற்றிப் பேட்டி எடுத்தார்கள், நானும் பழைய தளபதி கணக்காக விளக்கினேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷத்தில் அழுதேன். நாலு வருஷத்தில் முதல் முறையாக உனக்கு ஒன்று செய்திருக்கிறேன்.

அடுத்த மாதம் நீ ராணி மாதிரி உட்கார்ந்தபடியே உயிரோடிருப்பதைக் காட்டு. அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, அரசியல் பக்கம் வராமல், நோய்நொடியின்றி வளர என் ஆசிகள்.

வெற்றிக் களிப்புடன்,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பேரவைச் செயலர் அவை நடவடிக்கைக் குறிப்போடு வந்தார். அன்றைக்குத் தலைவர் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டாராம். காகிதம் பொறுக்கிய மும்முரத்தில் என் காதில் விழவே இல்லை. மேசைக்கு அடியில் இருந்தவன் அவர் கண்ணில் எப்படிப் படுவேன்? உறுப்பினர் அவையில் இல்லாததால் மசோதாவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம் என்று ஒரு தீர்மானம் படித்திருக்கிறார். எல்லோரும் "ஆம்" என்றது அதற்குத்தான், என் ஆட்களும் சேர்த்து. அந்தச் சபையில் உன் நாற்காலிக்காக விழுந்த ஒரே வாக்கு, நான் தெரியாமல் போட்ட "இல்லை". அச்சகத்துக்குப் போன் செய்தேன், அறிக்கை முழுவதும் அச்சாகிவிட்டதாம். அது கிடக்கட்டும். அடுத்த மாதம் என்றைக்குப் போகிறாய் என்று தேதி மட்டும் எழுது. விதிகளைப் படித்துப் பார்த்துவிட்டேன். ஆள் நேரில் வர வேண்டும் என்றுதான் இருக்கிறது, நிற்க வேண்டும் என்று எங்குமே இல்லை. என் சாப்பாட்டு மேசை நாற்காலியைக் காரில் போட்டுக்கொண்டு வருகிறேன். நீ அதில் உட்காரு. வரிசையில் உன் இடத்தில் நான் நிற்கிறேன்.