பச்சாத்தாவும் பச்சாதாபமும்

"கசப்பைப் பாடிப் பிழைக்கிறவன் வீட்டில் சர்க்கரையை..." என்று எலிஹியோவின் கல்யாண விருந்தில், கையில் ரம் கோப்பையோடு எழுந்து நின்று சொன்னார் கிழட்டுக் கிட்டார்க்காரர் தோன் செகுந்தினோ. மறைத்து வைக்க வேண்டும் என்றாரா, மறக்காமல் வைக்க வேண்டும் என்றாரா என்பதுதான் இப்போது எலிஹியோவுக்கு நினைவில்லை. சரியாக அந்த இடத்தில் எவனோ மேளத்தைத் தட்டிவிட்டான். யோசித்துப் பார்த்ததில் 'மறைத்து' என்பதே பொருத்தமாகப் பட்டது.

சர்க்கரை என்றால் நூரிஸ். அவருடைய மனைவி.

எலிஹியோ நியூயார்க்கில் பன்னிரண்டு வருஷம் டாக்சி ஓட்டினார். நாற்பத்தெட்டு வயதில் சொந்த ஊரான லா வேகாவுக்குத் திரும்பி, ஆசைப்பட்டபடியே காதல் சோகத்தைக் கிட்டாரோடு புலம்பும் பச்சாத்தாப் பாடகராகிப் பத்துப் பாட்டுகள் பதிவும் செய்துவிட்டார். பதிவு செய்த ஃபவுஸ்தோ கறாரான ஆள்.

"முதல்ல ஒரே ஒரு பாட்டை விடுவோம். திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை வானொலிப் பட்டியல்ல அது அஞ்சுக்குள்ள இருந்தா, மத்த ஒன்பதும் வெளிய வரும். இல்லைன்னா நீ மறுபடியும் டாக்சிதான்."

அந்த முதல் பாட்டின் பெயர் 'போனாளே'. மனைவி விட்டுவிட்டுப் போன ஒருவனின் புலம்பல். பதினெட்டாம் இடத்தில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது எழுந்திருக்கவே இல்லை.

காரணம் தெருவுக்கே தெரியும். பச்சாத்தா பாடுகிறவன் மேல் பச்சாதாபம் வர வேண்டும். மனைவி கையால் வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமி இறைச்சியும் தின்றுவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு ஏப்பம் விடுகிறவன் 'போனாளே' என்றால் எவன் அழுவான்?

வானொலியில் ஒரு பேட்டி கிடைத்தது. "இந்த வலி நிஜமா?" என்று அறிவிப்பாளர் கேட்டார். எலிஹியோவுக்குத் தொண்டை கரகரத்தது. ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கரகரப்பு அருமையாக இருந்தது. அதை வீணாக்க மனம் வரவில்லை.

"நிஜந்தான். போயிட்டா."

அந்த நேரம் நூரிஸ் மூலைக்கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடை ஒலிபெருக்கியின் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். எலிஹியோ வீடு திரும்பும்போது வாசலிலேயே நின்றிருந்தாள்.

"யோவ், நான் போயிட்டேனாமே? எங்கய்யா போனேன்?"

"அது வந்து, நூரிஸ்... கலை."

"கலையா? வெங்காயம் வாங்கப் போனவளை வெளியூருக்கு அனுப்பறது கலையா? கடைக்காரன் என்னைப் பார்த்து, 'எப்ப திரும்பி வந்தீங்க?'ன்னு கேக்கறான்!"

"கொஞ்ச நாள் உங்க அக்கா வீட்டுல இரேன், தங்கமே. பாட்டு அஞ்சுக்குள்ள வந்ததும் நானே வந்து கூட்டிட்டு வரேன்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். அவள் வெங்காயப் பையைக் கீழே வைத்தாள்.

"சரி. பெட்டியை நீயே தூக்கிட்டு வந்து பஸ்ல வை."

இவ்வளவு சீக்கிரம் 'சரி' சொல்லும் மனைவியைப் பார்த்ததும் எந்தக் கணவனுக்கும் வயிற்றில் மணி அடிக்க வேண்டும். எலிஹியோவுக்கு அடித்தது. பசி என்று நினைத்துக்கொண்டார். அக்கா வீடு போனாவ் என்கிற ஊரில். ஆகவே நூரிஸ் போனாவுக்குப் போனாள்.

பாட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தது. பதினெட்டு, பன்னிரண்டு, எட்டு. பக்கத்து வீட்டு தோன்யா கிரிசெல்தா பெரிய சட்டியில் இறைச்சிக் குழம்போடு வந்தாள்.

"சாப்பிடு தம்பி. இளைச்சு எலும்பாயிட்டே."

"தொண்டையில இறங்கல, தோன்யா" என்று எலிஹியோ இரண்டாவது தட்டை நீட்டினார்.

"அவ ஒரு ராட்சசி!"

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார். அது மட்டும் நடிப்பில்லை. வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அவர் எதைப் பாடினாலும், 'ரெண்டாவது வரியை இழுக்காதே, மூச்சை விடு' என்று சமையலறையிலிருந்து பாட்டு விழும். பனிக்காலத்து நியூயார்க்கிலும் ஃபோனில் அதே பாட்டுதான். பன்னிரண்டு வருஷமும் பாட்டு வாங்கியதாகவே நினைத்திருந்தார். பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தார் என்பது யாரும் திட்டாத வீட்டில்தான் அவருக்கு உறைத்தது.

ஆறாம் இடத்துக்கு வந்த பாட்டு அங்கேயே நின்றது. திருவிழாவுக்கு ஒரே வாரம். அந்த வாரம் பார்த்துத் தெரு முழுக்க மின்சாரமும் போய்விட்டது. மூலைக்கடை ஊமையானது. குழம்புச் சட்டியும் வரவில்லை. காதோரம் பேட்டரி வானொலியை வைத்துக்கொண்டிருந்த தோன்யா கிரிசெல்தா அவரைக் கண்டதும் ஜன்னலைச் சாத்தினாள். துக்கத்துக்கும் காலாவதித் தேதி உண்டு போலிருக்கிறது என்று எலிஹியோ பெருமூச்சு விட்டார்.

சனிக்கிழமை மின்சாரம் வந்தது. வானொலியை முடுக்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஐந்தாம் இடம், வேறு யாரோ. நான்கு, வேறு யாரோ. மூன்றும் வேறு யாரோ. டாக்சியின் ஸ்டியரிங் கண்முன்னே சுழன்றது.

"இரண்டாம் இடம், எலிஹியோவின் 'போனாளே'!"

துள்ளி எழுந்தார். நாற்காலி ஒரு பக்கம் விழுந்தது. கண்ணீரே வந்துவிட்டது.

"முதலிடம், ஒரே வாரத்தில் நாட்டையே கலக்கும் புதுப் பாட்டு, நூரிஸ் பாடிய 'போகல, அனுப்பினான்'!"

*போனாளேன்னு அழுவுறானே, பாவம் போல நிக்கிறானே,*
*பெட்டியைத் தூக்கி பஸ்ஸுல வெச்சுக் கையசைச்சது யாரு?*

இரண்டாவது வரியை அவள் இழுக்கவில்லை. மூச்சு எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டாள்.

முதலில் கதவைத் தட்டியவள் தோன்யா கிரிசெல்தா. "என் சட்டியைக் குடுடா, பொய்யா!"

அடுத்து ஃபவுஸ்தோ ஃபோனில் கத்தினார். "ஒன்பதும் வெளிய வருதுய்யா! அவ பாட்டும் நான் பதிவு பண்ணினதுதான்! அவ பாட்டு புரியணும்னா உன் பாட்டையும் கேக்க வேண்டியிருக்கே! ஜனங்க ரெண்டையும் சேர்த்தே கேக்கறாங்க. உன்னைத் தூக்கிவிட்டதே அவதான். போய்க் கால்ல விழு."

அன்று மாலையே நூரிஸ் வந்துவிட்டாள். எலிஹியோ ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"ஃபவுஸ்தோவை எப்படிப் பிடிச்சே?"

"நான் எங்க பிடிச்சேன்? நீதானே அனுப்பினே! அவரோட ஸ்டுடியோ எங்க அக்கா வீட்டுக்கு எதிர்லதானே இருக்கு? பத்துப் பாட்டுப் பதிவு பண்ணின ஆளுக்கு அது மறந்து போச்சா?"

"நூரிஸ், நான் டாக்சிக்குப் போகாம காப்பாத்திட்டே. உனக்கு எப்படி நன்றி..."

"நன்றியைப் பெட்டியோட உள்ள கொண்டு போய் வை. திருவிழாவுல நமக்குக் கச்சேரி."

"நமக்கா! மேடையில நடுவுல நாம ரெண்டு பேரும்..."

"நடுவுல நான். பட்டியல் கேக்கலையா நீ? உன் ஒரு பாட்டு முதல்ல. பாக்கி கச்சேரி என்னது."

"அப்போ நான் கிட்டார் வாசிக்கவா?"

"உனக்கு வாசிக்கத் தெரியாது. அதுக்கு ஆள் இருக்கு."

"போங்கோ மேளம் தட்டறேன்?"

"அதுக்கும் ஆள் இருக்கு."

"அப்போ நான் என்னதான் செய்யறது?"

நூரிஸ் யோசித்தாள். "குய்ரா சுரண்டத்தான் இன்னும் ஆள் கிடைக்கல."

குய்ரா என்பது தகரக் குழாய். கம்பியால் சுரண்டினால் சரக் சரக்கென்று சத்தம் வரும்.

எலிஹியோ, மறுநாள் காலையிலிருந்து தகரம் சுரண்டிப் பழகுவதென்று முடிவு செய்தார்.