ஆத்தங்கரை மேயர்

உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவில் ஒரு ஊரை ஆண்ட ஒரே ஆள் எங்கள் மேயரக்காதான். அந்த ஊருக்கு அவர் போனதில்லை. பாஸ்போர்ட் இருந்ததில்லை. ஆனால் அந்த ஊரில் எந்தத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொள்ளும் என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படி.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், உரக்கடைக்கு மேல் மாடியில், இருபது கம்ப்யூட்டர்களோடு எங்கள் ஆபீஸ். அமெரிக்காவில் ஒரு பெரிய ஆற்றின் கரையில் இருக்கும் சின்ன ஊர் ஒன்று, தன்னுடைய பழைய வாரப் பத்திரிகைகளையெல்லாம் படமெடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தது. எல்லாம் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழசு. பிறந்தவர், மணந்தவர், இறந்தவர், படகு வாங்கியவர், பல் பிடுங்கிக்கொண்டவர் என்று யார் பெயர் வந்தாலும் அதை ஒரு வரியாக அடிக்க வேண்டும். அந்த வரிகள்தான் இனி அந்த ஊரின் சரித்திரம். ஊர்ப் பெயரை வெளியில் சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதனால் மேயரக்கா அதற்கு ஆத்தங்கரை என்று பெயர் வைத்தார். அவருக்கு மேயர் என்று நாங்கள் பெயர் வைத்தோம்.

நாங்கள் பெயர்களை அடித்தோம். அவர் செய்திகளைப் படித்தார். பத்தாவது பாஸ், டைப்ரைட்டிங்கில் ஹையர், பதினெட்டு வருடம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு அடித்தவர். புரியாத ஆங்கில வார்த்தைக்கு என்னைக் கூப்பிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கழுத்தில் ஐ.டி. கார்டோடு ஊருக்குள் நடப்பதற்காகவே ஒரு ஸ்டாப் முன்னால் இறங்குகிறவள். அப்படிப்பட்ட என்னை, "ஏய் டிக்‌ஷ்னரி, இங்க வாம்மே!" என்பார்.

ஆத்தங்கரை மளிகைக்கடைக்காரரின் மகள், நீராவிக் கப்பலில் பிடில் வாசித்தவனோடு ஓடிப்போன வாரம் மேயரக்கா மத்தியானம் சாப்பிடவில்லை.

"அப்பங்காரன் பேப்பர்லயே போட்டுக்கிறான், அவளுக்கும் என் வூட்டுக்கும் சம்பந்தமில்லன்னு. மனுசனா அவன்?"

அடுத்த வாரப் பத்திரிகை வேறொரு பெண்ணின் பங்கில் விழுந்திருந்தது. இரண்டு மிளகாய் பஜ்ஜி கொடுத்து அதைத் தன் பங்குக்கு மாற்றிக்கொண்டார். கல்யாணம் நல்லபடியாக நடந்துவிட்டது என்று படித்த பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

ஒருமுறை அந்த ஊர் அம்மா ஒருவர் வீடியோ காலில் வந்து, தங்கள் கடைத்தெருவின் இன்றைய படத்தைக் காட்டினார். மேயரக்கா மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். "இந்த வெள்ளக் கட்டடம் கீது பாரு, இது முடி வெட்ற கடை. ரெண்டு தபா எரிஞ்சிபோச்சி. ரெண்டாவது தபா அவனே கொளுத்திட்டான்னு பேச்சு. கேட்டுச் சொல்லு." நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மா சட்டென்று படத்தை மூடிவிட்டார். முடி வெட்டியவர் அவருடைய கொள்ளுத்தாத்தாவாம்.

அப்புறம் வெள்ளம் வந்தது. ஆத்தங்கரையில்தான். ஆனால் மேயரக்கா அதை மானாம்பதி பஸ்ஸில் வைத்து என்னிடம் சொன்னார். "ராவோட ராவா தண்ணி ஏறிடிச்சிம்மே. கீழத்தெருவுல பாதி வூடு அம்பேல். மாடு கன்னெல்லாம் அடிச்சிக்கினு போவுது."

முன்சீட்டுக்காரர் போனை எடுத்து வீட்டுக்குப் பேச ஆரம்பித்தார். பின்னால் ஒரு அம்மா அழவே தொடங்கிவிட்டார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "எந்த ஆறும்மா? செய்யாறா? அதுல நேத்துகூட பசங்க கிரிக்கெட் ஆடிக்கினு இருந்தானுங்களே!"

"செய்யாறு இல்ல நைனா. அமெரிக்காவுல. நூறு வர்சத்துக்கு மேல ஆவுது."

அன்றைக்கு எங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டார்கள்.

அந்த வெள்ளப் பக்கத்தில்தான் மேயரக்கா சிக்கிக்கொண்டார். ஒரு பெண் படகை எடுத்துக்கொண்டு மூன்று நடை போய்ப் பத்தொன்பது பேரைக் காப்பாற்றியிருக்கிறாள். பத்தொன்பது பேரின் பெயரும் பத்திரிகையில் இருந்தது. படகின் சொந்தக்காரர் பெயர் இருந்தது. நீந்தவிட்டு அவள் இழுத்து வந்த பாதிரியாரின் குதிரைக்குக்கூடப் பெயர் இருந்தது: பிரின்ஸ். அவளை மட்டும் 'படகுத்துறைச் சலவைக்காரி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் விதிப்படி, பெயர் இல்லையென்றால் வரி இல்லை.

"குதிரை சரித்திரத்துல கீது. அத்த இஸ்துக்கினு வந்தவ இல்ல. நல்லா கீதே நாயம்!"

எங்கள் டீம் லீடர் வாலாஜாபாத்துக்காரர். நல்லவர்தான்; அன்றாடம் அடிக்கும் வரிகளின் எண்ணிக்கை குறைந்தால் மட்டும் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். "யக்கா, நமக்கு இன்னா வந்துது? வுட்டுட்டு அடுத்த வரிக்குப் போங்க."

"பேரு இல்லாத மனுவ இன்னா செய்வானுங்க தெரியுமா சார்? கிழிச்சி டீ கிளாஸ் தொடைப்பானுங்க. பதினெட்டு வர்சம் பாத்தவ நானு. வுட மாட்டேன்."

சந்தேகம் இருந்தால் அந்த ஊருக்கு எழுதிக் கேட்க எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. மற்றவர்கள் அதில் நாலு வார்த்தை அடிப்போம். மேயரக்கா மனு எழுதினார். "அம்மா, வணக்கம். மேற்படி படகுத்துறையில் துணி துவைத்து ஜீவனம் செய்துவந்த பெண்மணியின் பெயரைத் தெரிவித்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." தாழ்மை குறையாமல் ஆங்கிலமாக்கியது நான். பதில் வந்தது: பெயர் தெரியவில்லை, வரியை நீக்கவும்.

"தள்ளுபடியா? சரி, அப்பீல் போடு."

ஏழு அப்பீல் போனது. ஏழும் தள்ளுபடி. அந்த ஒரு பக்கம் முடியாததால் அந்த வருடத்துப் பத்திரிகைகளின் மொத்தக் கட்டும் தொங்கியது. வெள்ளிக்கிழமை நம்மூர் நேரம் ஐந்து மணிக்கு அந்தக் கட்டை மூடிவிடுவோம், அதன்பிறகு எதையும் சேர்க்க முடியாது என்று அங்கிருந்து தகவல் வந்தது.

மேயரக்கா நாங்கள் தொட வேண்டாத பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தார். விளம்பரம், கோர்ட்டுச் செய்தி, காணாமல் போன பசு. மற்றவர்கள் நாளைக்கு அறுநூறு வரி அடித்தால் அவர் நாற்பது அடித்தார். புதன்கிழமை மத்தியானம் ஒரு அலறல். கீழே உரக்கடைக்காரரே ஓடி வந்துவிட்டார்.

"மாட்டிக்கினா! டிக்‌ஷ்னரி, இத்தப் படி!"

வெள்ளத்துக்கு இரண்டு மாதம் முந்தைய கோர்ட்டுச் செய்தி. படகுத்துறையில் இருக்கும் ஒரே சலவைக்காரியான மார்த்தா க்ரீன், சர்ச் வேலியில் துணி காயப்போட்ட குற்றத்துக்காக அபராதம் கட்டியிருக்கிறாள்.

"பத்தொம்போது உசுர காப்பாத்தினப்ப பேரு போடல. வேலியில பாவாடை காயப்போட்டப்ப மட்டும் முழுப் பேரும் போட்டுக்கிறான் பாரேன்!"

இரண்டு பக்கங்களின் எண்களோடு எட்டாவது மனு போனது. வியாழக்கிழமை முழுக்கப் பதில் இல்லை. வேறொன்று வந்தது. எண்ணிக்கை குறைந்தவர்களை நிறுத்தச் சொல்லி மேலிடத்து மெயில். டீம் லீடர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மேயரக்கா ஐ.டி. கார்டைக் கழற்றி மேசையில் வைத்தார். அழவில்லை. "நான் வரல சார், பரவால்ல. ஆனா மனுவுக்குப் பதில் வரும். வந்தா போன் போடும்மே."

வெள்ளிக்கிழமை நாலு இருபதுக்குப் பதில் வந்தது. ஏற்றுக்கொள்கிறோம், பெயரைச் சேர்க்கவும்.

"சட்டுனு அடிச்சி அனுப்பும்மா, டைம் இல்ல!" என்றார் டீம் லீடர். கீபோர்டில் வைத்த விரல்களை எடுத்துவிட்டேன்.

"அவங்கதான் சார் அடிக்கணும்."

"வேலைய வுட்டு நின்னவங்கள கார்டு இல்லாம எப்பிடிம்மா உள்ள வுடறது?"

என் கார்டைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரிலிருந்த காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று ஆழ்ந்து தேட ஆரம்பித்தார். நான் போன் போட்டேன்.

நாலே முக்காலுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலிலிருந்து ஷேர் ஆட்டோவில் மேயரக்கா வந்தார். மூச்சு வாங்க மாடியேறி என் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய மனுஷி, ஒரே விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் பத்திரிகையை ஒரு தரம் பார்த்தார். மார்த்தா க்ரீன். தொழில், சலவை. வெள்ளத்தில் படகோட்டிப் பத்தொன்பது பேரைக் காப்பாற்றியவர்.

"குதிரை வரிய எடுத்துடலாமா யக்கா?" என்றேன்.

"சே, அது இன்னா பண்ணிச்சி பாவம். அதுவும் இருக்கட்டும்."

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினார்.

எங்கள் ஆபீஸில் ஒரு வரிக்கு நாற்பது விநாடி என்பது சட்டம். அந்த வரிக்கு மேயரக்கா எடுத்துக்கொண்டது பதினோரு நிமிடம். அன்று மாலை ரிப்போர்ட்டில் அதை என் பெயரில் போட்டு அனுப்பினேன். என் வேகத்தில் இன்றுவரை விழுந்திருக்கும் ஒரே கறை அதுதான். யாராவது கேட்டால் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன்.