சித்தப்பாவின் கிணற்றை நான் வற்றவைத்த கதை

தீய எண்ணம் கொண்டவர்களைவிட, நல்லெண்ணத்தோடு திரைக்கதை எழுதுபவர்களிடம்தான் உறவினர்கள் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அனுபவத்திலிருந்து சொல்கிறேன், அந்த அனுபவத்தில் குற்றவாளி நான்.

முதுகலைப் பட்டம் பெற்று, நாகல் நகர் வீட்டு மாடியறையில் சமூகத்தைத் திருத்தத் தயாராக அமர்ந்திருந்த காலம். நிலத்தடி நீர் பற்றிக் குறும்படம் எடுப்பதென முடிவு செய்து, இணைய வகுப்பொன்றில் திரைக்கதையின் கட்டமைப்பைக் கற்றேன். முதற்பகுதியில் நாயகனுக்கு ஓர் ஆசை. இரண்டாம் பகுதியில் தடைகள், அதன் முடிவில் அவன் அனைத்தையும் இழந்தாக வேண்டும். மூன்றாம் பகுதியில் மீள வேண்டும். (பரீட்சைக்குக்கூட இவ்வளவு பயபக்தியோடு நான் படித்ததில்லை.)

நாயகனாக, சாணார்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். கட்டமைப்பின்படி அவரிடம் ஒரு பெருங்குறை இருந்தது. அவர் எதையும் இழந்திருக்கவில்லை. தக்காளி காய்த்தது, கிணறு ததும்பியது.

"சித்தப்பா, மனசுக்குள்ள ஆறாத காயம் ஏதாவது இருக்கா?"

"மனசுல என்னலே காயம்? கால்ல ஆணி இருக்கு, பாக்குறியா?"

ஆகவே, பக்கத்துத் தோட்டத்துப் பெருமாள் மாமாவின் கிணற்றை எட்டிப் பார்த்து, அது வறண்டிருப்பதைக் கண்டுபிடித்து, சித்தப்பாவை அங்கே அழைத்துச் சென்றேன். (மாமாவிடம் அனுமதி கேட்கவில்லை. படம் பார்க்கும் விவசாயிகள் மனம் தளர்ந்துவிடக் கூடாதே என்று இரண்டு நாள் கவலைப்பட்டவனுக்கு இது மட்டும் தோன்றவில்லை.) "ரொம்ப வருத்தமான விஷயத்தை நெனச்சுக்கங்க" என்றேன்.

சித்தப்பாவுக்கு இருந்த ஒரே வருத்தம், முப்பத்து நான்கு வயதாகியும் அவர் மகன் செந்தில் அண்ணனுக்குப் பெண் அமையாததுதான். அதை நினைத்தார். தலையில் அடித்துக்கொண்டு, நான் எழுதாத வசனத்தைச் சொந்தமாகப் பேசினார்: "எல்லாம் போச்சே! இனி எம்புள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

மெய்சிலிர்த்துப்போனேன். அந்தக் காட்சியை மட்டும் 'சாணார்பட்டி விவசாயியின் கண்ணீர்' என்ற தலைப்பில் வாட்ஸ்அப்பில் பரப்பினேன். நடிப்பு என்று குறிப்பிடவில்லை. முன்னோட்டத்தில் குட்டை உடைக்கக் கூடாது என்பது வகுப்பின் விதி.

அடுத்த வாரமே அண்ணனுக்குச் சேவுகம்பட்டியில் வரன் கூடிவந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பவர்கள் கிணற்றை எட்டிப் பார்த்த பிறகே காபித் தம்ளரைத் தொடுவார்கள். பார்த்தார்கள், திருப்தியாகத் தோட்டத்து வீட்டு வாசலில் வந்து அமர்ந்தார்கள். சித்தி காபி கொண்டுவந்தார். அப்போதுதான் பெண்ணின் தாய்மாமன் சித்தப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மச்சான், செத்த இருங்க. காபியத் தொடாதீங்க."

அவர் கைபேசியிலிருந்து சித்தப்பாவின் குரல் தோட்டமெங்கும் ஒலித்தது: "எல்லாம் போச்சே!"

"இது நீங்கதான?" என்றார் பெண்ணின் தந்தை.

"நாந்தேன். ஆனா நெசமில்லைங்க, நடிச்சது."

"அம்புட்டுக் கண்ணீரும் நடிப்பாக்கும்!" என்றார் தாய்மாமன். "எவன் கெணத்தையோ காட்டிப் பொண்ணு கேக்குறீங்களா?"

கண்ணெதிரே தண்ணீர் ததும்புகிறது. அவர்களோ என் திரைக்கதையைத்தான் நம்புகிறார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி ஏது? ஆனால் செந்தில் அண்ணனின் முகத்தைப் பார்த்தபின் அந்த வெற்றியை என்னால் அனுபவிக்க இயலவில்லை. பொறுப்புணர்வோடு எழுந்து விளக்கினேன்.

"ஐயா, அது இரண்டாம் பகுதியோட முடிவு. நாயகன் அங்க எல்லாத்தையும் இழந்தே ஆகணும்."

"சரி தம்பி, மூணாம் பகுதியில தண்ணி வந்துருமா?" என்று பெண்ணின் தந்தை மிகுந்த நம்பிக்கையோடு கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லைங்க. தோட்டத்தை வித்துட்டு, திருப்பூர்ல வேலைக்குச் சேர்ந்து புது வாழ்க்கை தொடங்குறார்" என்றேன்.

அனைவரும் செருப்பை மாட்டத் தொடங்கினார்கள்.

"ஏலே, இன்னொரு பகுதி சொன்ன, உன்னையத் தூக்கிக் கெணத்துக்குள்ள போட்டுருவேன்" என்றார் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த நேரத்தில் வேலியைத் தாண்டிப் பெருமாள் மாமா வந்தார், கையில் கைபேசியோடு.

"எங்கடா அந்த டைரக்டரு? எங்கெணறு வத்துனது எனக்கும் எம்பொண்டாட்டிக்கும் மட்டுந்தேன் தெரியும். இப்ப உன் படத்துல எங்கெணத்தப் பாத்துட்டு, தோட்டத்தக் குத்தகைக்குக் கேட்டவன் போனையே எடுக்க மாட்டேங்குறான்! அழணும்னா உன் சித்தப்பன் கெணத்தடியில போயி அழ வேண்டியதுதான?"

தாய்மாமன் ஒற்றைச் செருப்போடு நின்றார். "அப்ப இந்தக் கெணறு இவருதா?"

"பின்ன? இருவது வருசமா வயிறு எரிஞ்சு பாத்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எந்தப் பத்திரமும் தந்திருக்க முடியாத சான்று அது. பெண்ணின் தந்தை செருப்பைக் கழற்றிவிட்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். மாமா என்னைத் திட்டுவதை மட்டும் எவரும் நிறுத்தவில்லை. (இரண்டு வாரம் அவருடைய கிணற்றில் இறங்கித் தூர் வாரிய பிறகே என்னை மன்னித்தார். குறும்படம் முடியவேயில்லை.)

திருமணம் இனிதே நடந்தது. ஆனால் கண்ணீர்க் காட்சி சேவுகம்பட்டி முழுவதும் பரவியிருந்ததால், பந்தியில்கூட "கெணத்துல தண்ணி கெடக்கா?" என்று விசாரித்தார்கள். தாய்மாமன் பொறுமையிழந்து புகைப்படக்காரரைத் தோட்டத்துக்கே அழைத்துச் சென்றுவிட்டார். இன்றும் அந்த ஆல்பத்தைத் திறந்தால், முதற்பக்கம் முழுக்கக் கிணறுதான். அருகே நிறைவாளியோடு சித்தப்பா.

"கெணறு நல்லாருக்கு. பொண்ணு மாப்பிள்ளை எங்க?" என்று கேட்காத விருந்தாளி இல்லை.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்:

"நாங்க அடுத்த பக்கத்துல இருக்கோம். மொதல்ல தண்ணியப் பாத்துக்கங்க."